பழைய எலக்ட்ரிக் கிட்டாரை அச்சு அசலாகச் செய்ய: பாகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் எலக்ட்ரிக் கிட்டாரைத் தாங்களே செய்து பார்க்கும் ஆட்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். பெரும்பாலோர் ஆசைப்படுவது 1950, 60-களில் வந்த அமெரிக்க மாடல்கள்: ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் (சுருக்கமாக டெலி), ஸ்ட்ராடோகாஸ்டர் (ஸ்ட்ராட்), கிப்சன் கம்பெனியின் லெஸ் பால். இவற்றின் நகலைச் செய்யும்போது பாகங்களை எங்கே தேடுவது, எதை நம்புவது என்று என்னிடம் கேட்கிற கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இங்கே.

முதலில் எந்தப் பாகத்தை வாங்க வேண்டும்?

எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு மாடலையும் ஒரு வருடத்தையும் முடிவு செய்யுங்கள். "பழைய டெலிகாஸ்டர்" என்று பொதுவாகச் சொன்னால் எந்தப் பாகமும் சரியாகவும் இருக்கும், எந்தப் பாகமும் தப்பாகவும் இருக்கும்.

டெலிகாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952-ல் பிரிட்ஜில், அதாவது பாடியில் தந்திகளைத் தாங்கும் பாகத்தில், தந்தி உட்காரும் மூன்று பித்தளைச் சேடில், முன்பக்கம் கீறல் படாமல் காக்கும் கறுப்புத் தகடான பிக்கார்டு. 1954 கடைசியில் சேடில் இரும்பாகிறது, பிக்கார்டு வெள்ளையாகிறது. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) காந்த முனைகள் ஒரே மட்டமாக இருந்தவை 1955-ல் ஏற்ற இறக்கமாகின்றன. ஸ்ட்ராடோகாஸ்டரிலோ 1959 பெரிய எல்லைக்கோடு. அதற்கு முன் முழு மேப்பிள் கழுத்து, 8 திருகு போட்ட ஒற்றை அடுக்கு பிக்கார்டு. அதற்குப் பின் ரோஸ்வுட் பலகை ஒட்டிய கழுத்து, 11 திருகு, மூன்றடுக்கு பிக்கார்டு. லெஸ் பால் 1952-ல் வந்தபோது பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப்பும், தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் ஊஞ்சல் மாதிரியான டெயில்பீஸும் இருந்தன. ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் வந்தது 1957-ல், எல்லோரும் படத்தில் பார்த்து மயங்குகிற சன்பர்ஸ்ட் நிறம் 1958-ல்.

வருடத்தை முடிவு செய்த பிறகு ஒரு நோட்டில் பாகவாரியாக எழுதுங்கள். அந்த நோட்டு கையில் இருந்தால் பாதிப் பணம் மிச்சம்.

"அசல்" என்று கடைக்காரர்கள் சொல்வதில் எத்தனை வகை?

மூன்று வகை உண்டு. அந்தக் காலத்துக் கிட்டாரிலிருந்தே கழற்றிய பாகம் ஒன்று. அந்தக் காலத்தில் செய்து, யாரும் போடாமல் பெட்டியிலேயே கிடந்த பழைய ஸ்டாக் இன்னொன்று. பழைய அளவிலும் பழைய பொருளிலும் இப்போது செய்கிற மறுபதிப்பு மூன்றாவது.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். முதல் வகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்ப்பதைவிட, அளவு துல்லியமான மூன்றாம் வகைப் பாகங்களால் முழுக் கிட்டாரும் செய்வது நல்லது. 1963-ன் டியூனர் (தந்தியை முறுக்கும் சாவி), 1957-ன் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்), 1971-ன் பிரிட்ஜ் என்று மூன்றையும் அசலாகவே வாங்கிப் பூட்டினாலும், அப்படி ஒரு கிட்டார் எந்த வருடத்திலும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததில்லை. தவிர, ஒவ்வொரு பழைய பாகத்தையும் தனியாக விற்பதற்காக யாரோ ஒரு முழுக் கிட்டாரைப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் வீடுகளைப் பிரித்துத் தூணையும் கதவையும் தனித்தனியாக விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மறுபதிப்பில் ஜப்பானின் கோட்டோ, இப்போது மறுபடி வந்திருக்கும் க்ளூசன் பெயரிலான டியூனர்கள், அமெரிக்காவின் ஸ்டியூமேக், ஆல்பார்ட்ஸ் ஆகியவை தேடத் தொடங்க நல்ல இடங்கள்.

வாங்கிய பாகம் பொருந்தவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் நடக்கும் சண்டைதான். பழைய அமெரிக்கக் கிட்டார் முழுக்க அங்குல அளவு. இங்கே மலிவாகக் கிடைக்கும் ஆசியப் பாகங்கள் மெட்ரிக்.

மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்கிறேன். பழைய க்ளூசன் டியூனரின் புஷ்ஷிங்குக்கு ஓட்டை 11/32 அங்குலம், அதாவது சுமார் 8.7 மி.மீ. இப்போதைய டியூனருக்கு 10 மி.மீ. ஒருமுறை 10 போட்டுவிட்டால் திரும்ப வழியில்லை. குச்சி அடைத்துத்தான் துளைக்க வேண்டும். ஸ்ட்ராட்டின் டிரெமலோவில் (கைப்பிடியால் சுருதியை ஆட்டும் பிரிட்ஜில்) ஆறு திருகுகளின் இரு ஓரங்களுக்கு இடையே பழைய அளவு 56.4 மி.மீ., புதிய குறுகிய அளவு 52.4. பாட் கழுத்து பழையதில் 3/8 அங்குலம், மலிவான சின்ன பாட்களில் 7 மி.மீ. குமிழின் உள்பல் 24 ஒரு வகை, 18 இன்னொரு வகை. அடித்து ஏற்றினால் குமிழ் வெடித்துவிடும்.

திருகுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்ட்ராட் பிக்கப்பின் உயரத் திருகு, கிப்சன் ஏ.பி.ஆர்-1 பிரிட்ஜைத் தாங்கும் கால் ஆகியவை 6-32 என்ற அங்குலப் புரி. அதாவது விட்டம் 3.5 மி.மீ., ஓர் அங்குலத்துக்கு 32 சுற்று. ஹார்டுவேர் கடையில் கொடுக்கும் 3.5 மி.மீ. மெட்ரிக் திருகு பார்க்க அச்சு அதே மாதிரி இருக்கும், இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் இறுகும். அங்கேயே நிறுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் உள்புரி போய்விடும். வந்த பாகம் அங்குலப் புரியா என்று சோதிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டும் திருகு ஒன்று கேட்டு வாங்குங்கள். மேசைக் கம்ப்யூட்டரின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு உரியது 6-32 புரிதான். அதைக் கையாலேயே சுற்றிப் பாருங்கள். விரல் பலத்தில் கடைசிவரை போனால் சரி.

பிரித்த வீட்டுப் பர்மாத் தேக்கில் பாடி செய்யலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கண்முன்னே நூறு வருடம் காய்ந்த உத்திரம் கிடக்கும்போது கை சும்மா இருக்காது, எனக்கும் புரிகிறது.

செய்யலாம், அருமையாக வரும். ஆனால் அது நகல் ஆகாது. ஃபெண்டர் பயன்படுத்தியது ஆஷ் மரம். 1956 வாக்கில் பெரும்பாலான ஸ்ட்ராட்டுகளுக்கு ஆல்டருக்கு மாறினார்கள். கிப்சன் போட்டது முதுகுக்கு மகாகனி, மேலே மேப்பிள். தேக்கு இவற்றில் எதிலும் சேராது. 1.75 அங்குலக் கனமுள்ள டெலி பாடியை இலேசான ஆஷில் செய்வதற்கும் தேக்கில் செய்வதற்கும் எடை அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசப்படும். இரண்டு மணி நேரம் தோளில் மாட்டி நின்றால் தெரியும்.

அப்படியும் தேக்குதான் என்றால், சில விஷயங்களைக் கவனியுங்கள். உத்திரத்துக்குள் பழைய இரும்பாணி முறிந்து கிடக்கும். வெளியே கறுப்புப் புள்ளியாக மட்டும்தான் தெரியும். மெட்டல் டிடெக்டர் ஓட்டாமல் பிளேனர் மெஷினுக்குக் கொடுத்தால் பட்டறைக்காரர் உங்களை மறுபடி உள்ளே விடமாட்டார். தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் இழைத்த முகத்தை அசிட்டோனில் துடைத்துவிட்டு உடனே பசை போட வேண்டும். மேலே பூசும் லாக்கருக்கும் அதே கதைதான். முதலில் அரக்கு பாலிஷ் ஒரு கை கொடுத்தால் மேலே வருவது பிடிக்கும்.

நகலுக்கு அசல் மரம் வேண்டுமென்றால் லெஸ் பால் செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கிப்சன் போட்ட ஹோண்டுராஸ் மகாகனியின் அதே இனத்தைத் தமிழ்நாட்டிலேயே தோட்டங்களில் வளர்க்கிறார்கள். இளமரம்தான், பழங்காட்டு மரத்தின் இறுக்கம் இருக்காது. இருந்தாலும் இனம் ஒன்று. ஆஷ் தேடுபவர்களுக்கு நிலைமை கொஞ்சம் கடினம். அமெரிக்காவில் மரத்தைத் துளைக்கும் வண்டு ஒன்று ஆஷ் காடுகளை அழித்து வருகிறது. ஃபெண்டரே 2020-ல் வழக்கமான மாடல்களில் ஆஷைக் குறைத்துக்கொண்டது. வெறும் பலகையாக வரவழைத்தால் தாவர நோய்ச் சான்று கேட்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிரேசில் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். அந்த மரம் 1992 முதல் சர்வதேச வணிகத்துக்கே தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. தாள் இல்லாமல் வரும் பலகை சுங்கத்தில் சிக்கினால் மரமும் போகும், நிம்மதியும் போகும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தை, அதாவது தோதகத்தியை, உலகம் முழுவதும் கிட்டார் செய்பவர்கள் அதற்குப் பதிலாகத்தான் வாங்குகிறார்கள். ரசீது தரும் கடையில் வாங்குங்கள். கறுப்புக் கோடு ஓடும் இருண்ட துண்டாகப் பார்த்து எடுத்தால், வாசித்துப் பழகிய பிறகு யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏதாவது கிடைக்குமா?

கிட்டார் பாகம் கிடைக்காது. ஆனால் வால்வு ரேடியோ கிடைக்கும். காரைக்குடியில் அந்தத் தெருவில் எனாமல் தூக்குக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் நடுவில் மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் ரேடியோக்களைப் பார்க்கலாம். ரங்கூன், மலாயா வியாபாரம் இருந்த குடும்பங்களில் ஐயா காலத்தில் வாங்கியவை.

பின்பக்க அட்டையைக் கழற்றினால் முதலில் புழுக்க வாடையும் தூசியும். அதைத் தாண்டி வால்வுகளுக்குக் கீழே சேசிஸைத் திருப்பினால், மெழுகு பூசிய காகித கெப்பாசிட்டர்கள் பழுப்பு நிறத்தில் வரிசையாக இருக்கும், மேலே 0.05, 0.1 என்று மதிப்பு அச்சிட்டபடி. பழைய டெலியின் டோன் கெப்பாசிட்டர் 0.05 மைக்ரோஃபாரட், ஸ்ட்ராட்டில் 0.1. மதிப்பு பொருந்துகிறது அல்லவா, அதனால்தான் ஆசை வருகிறது.

எடுக்கலாம், ஆனால் அளந்து எடுங்கள். காகித கெப்பாசிட்டர் வயதானால் கசியும், மதிப்பும் நகரும். மல்டிமீட்டரைக் கெப்பாசிட்டர் அளவில் வைத்து மதிப்பைப் பாருங்கள். அப்புறம் ஓம் அளவில் மேல்படியில் வையுங்கள். முள்ளோ எண்ணோ மேலே போய் "எல்லையில்லை" என்று நிற்க வேண்டும். சில மெகா ஓமிலேயே நின்றால் குப்பைக்கூடை. ரேடியோவில் இருநூறு, முந்நூறு வோல்ட் ஓடும் இடத்தில் இந்தப் பழைய கெப்பாசிட்டர் ஆபத்து. கிட்டாரில் ஓடுவது ஒரு வோல்ட்டுக்கும் கீழே, அதனால் அந்தப் பயம் இல்லை. சத்தத்தில் பெரிய மாயம் எதுவும் நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பு ஒன்றாக இருந்தால் மெழுகுக் காகிதமும் புது ஃபிலிம் கெப்பாசிட்டரும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மூடியைத் திறந்து பார்க்கிற சந்தோஷத்துக்காகத்தான் அது.

ஒரே வேண்டுகோள். பாடுகிற ரேடியோவையோ, சரிசெய்யக்கூடிய ரேடியோவையோ உடைக்காதீர்கள். கடைக்காரர்களிடம் வெறும் சேசிஸ் தனியாகக் கிடக்கும். அதைக் கேளுங்கள்.

பழைய பாட் ஒன்றின் வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதுகில் அடித்திருக்கும் எண்ணே சொல்லும். முதல் மூன்று இலக்கம் தயாரித்தவர்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ்., 134 என்றால் சென்ட்ராலாப். அடுத்து வருடம், அதற்கடுத்து வாரம். 1950-களில் வருடத்துக்கு ஒரே இலக்கம்தான், பின்னால் இரண்டு.

தேவகோட்டைத் தம்பி ஒருவர் "1959 ஸ்ட்ராட்டிலிருந்து கழற்றியது" என்று சொல்லி விற்ற ஒரு பாட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதுகில் 304 6142. "அண்ணே, இது எந்த வருஷம்?" என்றார். ஸ்டாக்போல், 1961, 42-வது வாரம், அதாவது அக்டோபர். பாட் அசல்தான், கதைதான் பொய். 1962 கிட்டார் செய்யும் ஒருவருக்கு அது மிகச் சரியான பாகம். பாட் தேதி கிட்டாரைவிடச் சில மாதம் முந்தியிருப்பது இயல்பு, பிந்தியிருக்கவே முடியாது.

எண்ணோடு சாலிடரையும் பாருங்கள். பழைய ஈயம் மங்கிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். பளபளவென்று இருந்தால் யாரோ சமீபத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

பிக்கப்பை நானே சுற்றுகிறேன். "42 கேஜ்" கம்பி கேட்டால் கடையில் கொடுப்பது தடிமனாக இருக்கிறதே?

அமெரிக்கப் புத்தகங்களில் 42 என்றிருப்பது அமெரிக்க கேஜ், அதாவது ஏ.டபிள்யூ.ஜி. அதன் விட்டம் சுமார் 0.063 மி.மீ. நம் மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் கேஜ், எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 42 என்றால் 0.102 மி.மீ. குறுக்குவெட்டில் இரண்டரை மடங்கு பெரிய கம்பி. ஸ்ட்ராட் பிக்கப்புக்குத் தேவையான சுமார் 8,000 சுற்றில் பாதிகூட பாபினில் ஏறாது.

கடையில் "46 நம்பர்" என்று கேளுங்கள். அது 0.061 மி.மீ., அமெரிக்க 42-க்கு மிக அருகில். ஃபேன், பம்ப் சுற்றுகிற கடையில் அவ்வளவு மெல்லிய கம்பி வைத்திருக்க மாட்டார்கள். மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விசாரியுங்கள். டெலியின் முன் பிக்கப்புக்கு இன்னும் மெல்லிய அமெரிக்க 43 வேண்டும், 0.056 மி.மீ. அதற்கு இணையான பிரிட்டிஷ் எண் கிடையாது. எண்ணே சொல்லாமல் மில்லிமீட்டரில் கேட்பதுதான் எப்போதும் பத்திரம்.

கம்பியின் மேல்பூச்சும் வருடத்தைச் சார்ந்தது. ஸ்ட்ராட்டில் 1964 வாக்கு வரை ஃபார்ம்வார் என்ற தடித்த பூச்சு, பிறகு சாதா எனாமல். உண்மையான ஃபார்ம்வார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு சுருள் வாங்கினால் பல பிக்கப் சுற்றலாம் என்பதால் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள்.

வாங்கிய பிக்கப் 6.0 கிலோ ஓம் என்று போட்டிருந்தது. என் மீட்டரில் 6.4 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

சித்திரை மத்தியானத்தில் அளந்தீர்களா? செம்புக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 6.0 காட்டும் பிக்கப், நம் ஊர் 38 டிகிரியில் 6.4 காட்டுவது முழுக்க நியாயம். விடியற்காலையில் மறுபடி அளந்து பாருங்கள்.

ஹம்பக்கரில் "பேட்டன்ட் அப்ளைட் ஃபார்" ஸ்டிக்கர் இருந்தால் அசல்தானே?

ஸ்டிக்கரைத்தான் முதலில் போலியாக அடிப்பார்கள். சேத் லவர் வடிவமைத்த இந்தப் பிக்கப்பில், காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று சொல்லும் அந்த ஸ்டிக்கர் 1957 முதல் 1962 வாக்கு வரை வந்தது. காப்புரிமை 1959-லேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் ஸ்டிக்கர் மாறவில்லை. பிறகு எண் போட்ட ஸ்டிக்கர் வந்தபோது அதில் இருந்த 2,737,842 என்ற எண் லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு உரியது, பிக்கப்புக்கு உரியதே அல்ல. அதனால் எண்ணைத் தேடிப் பார்த்து "தப்பாக இருக்கிறதே, போலி" என்றும் முடிவு கட்டாதீர்கள்.

அடித்தட்டின் கால்களில் அச்சு விட்ட எல் வடிவத் தழும்பு, பாபினில் வட்டத்துக்குள் சதுரம் ஆகியவற்றைப் பாருங்கள். மின்தடை 7 முதல் 9 கிலோ ஓம் வரை எங்கும் இருக்கலாம், சுற்றை எண்ணாமல் உத்தேசமாகச் சுற்றியவை. அந்த விலை கொடுத்து வாங்கும் நிலையில் நீங்கள் இருந்தால், கிட்டாரை நேரில் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரோடு போங்கள். படம் பார்த்துப் பணம் அனுப்பக் கூடாது.

பிரிட்ஜ் தகட்டுக்குப் பழைய மாதிரி நிக்கல் பூச்சு இங்கேயே போட முடியுமா?

முடியும். மின்வேதியியலுக்கென்றே 1953-ல் சிக்ரி என்ற மத்திய ஆய்வு நிலையம் திறந்த ஊர் காரைக்குடி. முலாம் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள். ஆனால் ஒற்றைத் தகட்டுக்கு வேலை மதுரை, கோவை பிளேட்டிங் பட்டறைகளில்தான்.

அங்கே சொல்ல வேண்டிய வாசகம்: "நிக்கலோடு நிறுத்துங்க, மேலே குரோம் வேண்டாம்." அலங்கார குரோம் என்பது நிக்கலுக்கு மேலே பூசும் மிக மெல்லிய படலம். பட்டறையில் வழக்கமாக இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுவார்கள். கிப்சன் 1960-களின் நடுப்பகுதி வரை நிக்கல்தான். அந்த மங்கலான மஞ்சள் சாயல் குரோமில் வரவே வராது. பஃப் பிடிக்கும்போது பொறித்த எழுத்தையும் விளிம்பையும் தேய்த்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பளபளப்புக்காக முனைகளை மழுக்கிவிடுவார்கள்.

நைட்ரோ லாக்கர் எங்கே கிடைக்கும்?

பெயின்ட் கடையில் "என்.சி." என்று கேளுங்கள். கட்டில், கதவு பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் என்.சி. லாக்கரும் நைட்ரோசெல்லுலோஸ்தான். நிறத்துக்கு ஒரு சந்தோஷமான பொருத்தம் இருக்கிறது. ஃபெண்டரின் பழைய வண்ணங்கள் டூபாண்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட். அதில் ஒன்றின் பெயர் டூக்கோ. நம் கார் பெயின்டர்கள் இன்றும் "டூக்கோ அடிக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இப்போது அந்தப் பெயரில் பி.யூ.வும் (பாலியூரித்தேன் பெயின்ட்) கொடுப்பார்கள். டப்பாவில் என்.சி. என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் லாக்கர் பால் மாதிரி வெளுத்துவிடும். மாசி, பங்குனி நல்ல காலம். அடுப்பு, பீடி, சுவிட்ச் எதுவும் பக்கத்தில் கூடாது. இது சட்டென்று பற்றும்.

சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் கையில் கொண்டுவந்தால் லாபமா?

சின்ன உலோகப் பாகங்களுக்கு நல்ல வழி. கூரியரில் வந்தால் சுங்க வரியைப் பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள், கூரியர் கம்பெனி தன் கட்டணத்தையும் போடும். ஆகவே நாலு தடவை நாலு பாகமாக வாங்காமல் நோட்டைப் பார்த்து ஒரே பார்சலாக வாங்குங்கள். கொண்டுவருபவர் கையில் பில் இருக்கட்டும். மாமாவிடம் மரமும் லாக்கர் டப்பாவும் கொடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள்.

ஹெட்ஸ்டாக்கில் ஃபெண்டர் என்று ஒட்டலாமா?

விற்கும் எண்ணம் துளி இருந்தாலும் கூடாது; அது போலி. கழுத்து பூட்டும் குழிக்குள் உங்கள் பெயர், ஊர், வருடம் மூன்றையும் பொறித்துவிடுங்கள். பத்துக் கை மாறினாலும் பிரித்தால் தெரியும்.

ஆமை ஓட்டு பிக்கார்டு பழைய மாதிரியே செல்லுலாய்டில் கிடைக்குமா?

கிடைக்கும். பழைய ஃபெண்டரில் இருந்ததும் செல்லுலாய்டுதான், உண்மையான ஆமை ஓடு அல்ல. தீப்பற்றும் பொருள் என்பதால் பலர் விமானத் தபாலில் அனுப்ப மறுப்பார்கள். வந்து சேர்ந்தால் வெயில் படாத, காற்றோட்டமுள்ள அலமாரியில் தட்டையாக வையுங்கள். மூடிய டப்பாவில் டியூனர், பிரிட்ஜோடு சேர்த்து வைக்கக் கூடாது. செல்லுலாய்டு பழசாகும்போது விடும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தை அரித்துவிடும்.